கத்தியா, போனா?

மீன் ஏலக்கூடத்தில் போட்ட கூட்டத்தில் நான் சொன்ன பதில் சரியானதுதான் என்று நினைக்கிறேன். ஆனாலும் மனசு அங்கேயே போய் நிற்கிறது.

வழக்கமாகச் சொல்வதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆவுளியா, அதாவது கடற்பசு, வலையில் பட்டால் உயிரோடு விட்டுவிடுங்கள், விடுவதை வீடியோ எடுங்கள், விட்டவருக்குத் தரும் வெகுமதிக்கு அதுதான் ஆதாரம். பின்னால் இருந்து ஓர் அண்ணன் கேட்டார்: "அது மூச்சுக்குத் தவிக்கிறப்ப நான் கத்திய எடுக்கவா, போன எடுக்கவா தம்பி?"

"கத்திய எடுங்கண்ணே" என்றேன். யோசிக்கவே இல்லை.

யோசித்திருந்தாலும் வேறென்ன சொல்லியிருப்பேன்? ஆவுளியா மீன் இல்லை. சில நிமிடத்துக்கு ஒரு தரம் மேலே வந்து மூச்சு வாங்க வேண்டிய பிராணி. செவுள் வலையில் சுற்றிக்கொண்டால் மேலே வர முடியாமல் தண்ணீருக்குள்ளேயே செத்துப்போகும். ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அடுத்த குட்டிக்குச் சில வருடங்கள் ஆகும். பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது, நாட்டிலேயே முதலாவது. ஆனால் வலை இழுக்கிற நேரத்தில் அந்தப் பரப்பில் அரசும் இல்லை, நாங்களும் இல்லை. நாட்டுப்படகில் இருக்கிற இரண்டு பேர்தான்.

பிறகு அவர் வலையிலேயே ஒன்று பட்டது. வலையை அறுத்து அதை விட்டுவிட்டார். வீடியோ இல்லை, வெகுமதியும் இல்லை.

பார்க்கப் போனபோது திண்ணையில் வலையை விரித்துப்போட்டு ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தார். ஆள் நுழைந்து வெளியே வரலாம், அவ்வளவு பெரிய ஓட்டை. பழுப்பேறிய பழைய கண்ணிகளுக்கு நடுவே புது நைலான் வெள்ளையாகத் தெரிந்தது. "நீ சொன்னதத்தான் செஞ்சேன் தம்பி" என்றார். குறையாகச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா? குரலை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

"ஒருத்தர் அறுங்க, ஒருத்தர் படம் எடுங்க" என்று சொல்லியிருக்கலாமோ? ஒருவர் வலையைத் தூக்கிப் பிடிக்காமல் மற்றவர் அறுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அந்த ஆவுளியா உயிரோடு போனது, எனக்கு அது போதும். ஆனால் அவருக்கு? பக்கத்து ஊரில் வீடியோ எடுத்தவருக்குப் பொன்னாடை போர்த்தி, பணமும் கொடுத்தோம். இரண்டையும் பார்த்த ஊர் என்ன கற்றுக்கொள்ளும்? பள்ளிச் சுவரில் ஆவுளியா வரைந்திருக்கிறோம். பிள்ளைகள் கடற்புல்லோடு சேர்த்து அழகாக வரைகிறார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அவர்கள் கேட்பது இந்தக் கதையைத்தானே.

ஆதாரம் கேட்பவர்களையும் குற்றம் சொல்ல முடியவில்லை. வாய்வார்த்தைக்குப் பணம் கொடுத்தால் உண்மையாக விட்டவருக்கும் மதிப்பிருக்காது. பக்கத்தில் வலை போட்டிருந்த படகுக்காரர்களும் ஊர்ப் பஞ்சாயத்தும் சாட்சி சொன்னால் போதும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் முடிவு வரவில்லை.

அடுத்த கூட்டமும் அதே ஊரில்தான். இந்தத் தடவை முதலில் நீங்கள் பேசுங்கள் என்று அவரைக் கேட்டேன். வலை வேலை முடியட்டும், பார்க்கலாம் என்றிருக்கிறார்.