புறா பத்து மணிக்குத்தான் வேலைக்கு வரும்

குளிர்கால வேட்டை என்றாலே விடியுமுன் வயலில் நிற்க வேண்டும் என்ற நினைப்பு இங்கிலாந்தில் துப்பாக்கி வைத்திருக்கும் பாதிப் பேருக்கு உண்டு. இதைக் கிளப்பிவிட்டவர்கள் அநேகமாக வாத்து வேட்டைக்காரர்கள்தான். வாத்துக்கு அது சரி. காட்டுப்புறாவிடம் அந்தக் கணக்கு செல்லாது.

டிசம்பர் நடுவில் லண்டன் பக்கம் சூரியன் எட்டு மணிக்குத்தான் தலையைக் காட்டும். ஆள் நாலரைக்கே அலாரம் வைத்து எழுந்துவிடுவார். மறைப்பு வலை, நாலு கம்பு, புறாவை ஏமாற்றி இறக்க இரண்டு டஜன் பிளாஸ்டிக் புறா பொம்மை, 12 வோல்ட் பேட்டரி, முக்காலி, துப்பாக்கி, தோட்டாப் பை, பிளாஸ்க், நாய் எல்லாவற்றையும் இருட்டில் சேற்றில் இழுத்துக்கொண்டு போய், ஏழு மணிக்குக் கடை விரித்தாயிற்று. வயல் முழுக்க உறைபனி. எட்டு மணிக்கு வெளிச்சம் வந்ததும் பார்த்தால், எதிர்க்கரை ஓக் மரத்தில் முந்நூறு புறா உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்து இவரையே பார்த்துக்கொண்டிருக்கும். ஒன்பது மணிக்கும் பார்க்கும். ஒன்பதரைக்குத் தேநீர் காலி. பத்துக்குக் கால் விரல் மரத்துவிடும், நாய் வாலாட்டுவதையும் நிறுத்திவிடும். பத்தேகாலுக்கு எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்புவார். பத்தரைக்கு அந்த முந்நூறும் வயலில் இறங்கும்.

புறாவின் மேல் தப்பில்லை. இது நம் ஊர் மாடப்புறா அல்ல. அரைக் கிலோ எடை, கழுத்தின் இரு பக்கமும் வெள்ளைத் திட்டு, இறக்கையை விரித்தால் குறுக்கே வெள்ளைப் பட்டை. பிரிட்டனில் ஏறத்தாழ 50 லட்சம் ஜோடிகள் கூடு கட்டுகின்றன. இலையுதிர்காலத்தில் ஓக் கொட்டையும் பீச் கொட்டையும் தின்று கொழுத்திருக்கும். ஜனவரியில் அதெல்லாம் தீர்ந்துபோய், ரேப் எனப்படும் எண்ணெய்க்கடுகின் இலைதான் கதி. ஆகஸ்ட், செப்டம்பரில் விதைத்த பயிர் குளிர்காலம் முழுக்கக் குட்டையாகப் பச்சை இலையோடு நிற்கும். ஆனால் இலையில் சத்து கம்மி. பகல் பொழுதில் பெரும்பகுதி மேய்ந்தால்தான் தாக்குப்பிடிக்க முடியும். அதுவும் பனியில் உறைந்து கண்ணாடிச் சில்லு போல நிற்கிற இலையைக் கொத்துவதற்கு அதற்கென்ன தலையெழுத்தா? இளகட்டும் என்று மரத்தில் காத்திருக்கிறது.

அதனால் நேரத்தைக் கேட்பவர் கடிகாரத்தைப் பார்ப்பதை விடப் புறாவின் தீனிப்பையைப் பற்றி யோசிப்பது நல்லது. பனி இல்லாமல் மேகமூட்டமாக, மேற்குக் காற்று அடிக்கிற நாளில் எட்டரை, ஒன்பதுக்கே முதல் பந்தி ஆரம்பமாகிவிடும். உறைபனி நாளில் பத்து, பத்தரை. பிறகு உண்ட மயக்கம். பன்னிரண்டை ஒட்டி மரத்தில் உட்கார்ந்து செரிக்கவிடும். ஒரு மணிக்கு மேல்தான் அவசரம் பிறக்கும். டிசம்பர் இரவு பதினாறு மணி நேரம் நீளம், அதைக் கடத்தத் தீனிப்பை நிரம்பியாக வேண்டும். ஒன்றிலிருந்து மூன்றுவரை புறா இடம் வலம் பார்க்காமல் இறங்கும். வயலில் சுடுவதற்கு இதைவிட நல்ல நேரம் குளிர்காலத்தில் கிடையாது. மூன்றுக்கு மேல் கடையைப் புறா இரவு அடையும் காட்டுக்குள் மாற்றிக்கொள்ளலாம்.

ஆக, காலைப் பலகாரத்தை நிதானமாக முடித்துப் பத்தரைக்குக் கிளம்பினால் போதும். பதினொன்றரைக்குப் புறா ஓய்வில் இருக்கும்போது மறைப்பு கட்டி, பன்னிரண்டரைக்குத் தயார். வீட்டில் இருப்பவர்கள் இதை வேட்டை என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது தனிப் பிரச்சினை.

அதற்கு முந்தின நாள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: அதே ஒரு மணிக்கு வயலோரம் துப்பாக்கி இல்லாமல் நின்று பார்ப்பது. புறா தோன்றிய வழியில் பறப்பதில்லை. உயிர்வேலியையோ, மர வரிசையையோ, பள்ளத்தாக்கையோ பிடித்துக்கொண்டு தினமும் ஒரே தடத்தில் வரும். வயலிலும் எல்லா இடத்திலும் இறங்காது. பயிர் அடர்த்தியாக, ஈரமாக இருக்கும் இடம் அதற்குப் பிடிக்காது. முளைப்பு கெட்டு மண் தெரிகிற திட்டுகளில், நாலு பக்கமும் பார்வை கிடைக்கிற மேட்டில் இறங்கும். அழகான மூலை என்று இருநூறு மீட்டர் தள்ளி மறைப்பு கட்டியவர் மாலைவரை அடுத்தவர் வயலின் கூட்டத்தை ரசிக்கலாம். ஹாம்ப்ஷரில் இதையே பிழைப்பாக வைத்திருந்த ஆர்ச்சி கோட்ஸ் 1962 ஜனவரியில் ஒரே நாளில் 550 புறாக்களைச் சுட்டது இன்றும் பேச்சில் அடிபடும். அந்த எண்ணைச் சொல்பவர்கள், சுடுவதற்கு முன் அவர் பார்ப்பதற்குச் செலவழித்த நேரத்தைச் சொல்வதில்லை.

மறைப்பு உயிர்வேலியை ஒட்டி, பின்பக்கம் கருப்பாக இருக்கும்படி. வலையைவிடப் பின்பக்கம்தான் முக்கியம். பின்னால் வெளிச்சம் இருந்தால் தலை அசைவது அப்படியே தெரியும். பொம்மைகள் இருபது, இருபத்தைந்து கஜம் முன்னால், காற்றைப் பார்த்த முகமாக, ஒன்றுக்கொன்று இரண்டு எட்டு இடைவெளியில் லாட வடிவத்தில். நடுவில் விடும் வெற்றிடம்தான் புறா இறங்க வேண்டிய இடம். எல்லாப் பொம்மையும் ஒரே கோணத்தில் நின்றால் அணிவகுப்பு மைதானம் மாதிரி ஆகிவிடும், கொஞ்சம் திருப்பி வையுங்கள். காற்று முதுகிலோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். கோடையில் ஒரு டஜன் போதும். குளிர்காலத்தில் புறா ஆயிரக்கணக்கில் கூடித் திரியும்போது பன்னிரண்டு பொம்மையை அது ஏறெடுத்தும் பார்க்காது, மூன்று டஜனாவது வேண்டும். சுட்டு விழுந்த புறாவைத் தலை நிமிர்த்திக் குச்சி கொடுத்து வைத்தால் பொம்மையைவிட நல்ல பொம்மை. மல்லாக்கக் கிடந்தால் அதன் வெளுப்பே அடுத்த கூட்டத்துக்கு எச்சரிக்கைப் பலகை.

பேட்டரியில் ஓடி, இரண்டு கையில் செத்த புறா இரண்டைச் சுழற்றிக் காட்டும் ராட்டினம் ஒன்று விற்கிறார்கள். சில நாள் அபாரமாக இழுக்கும். ஜனவரி கடைசியில், ஊரிலுள்ள எல்லா ராட்டினத்தையும் பார்த்துச் சலித்த புறா அதைக் கண்டதுமே விலகிப் பறக்கும். இரண்டு கூட்டம் அப்படி விலகினால் மூன்றாவதற்குக் காத்திருக்காமல் கழற்றி வேலிக்குள் எறிந்துவிட வேண்டும். குளிரில் பேட்டரியும் சீக்கிரம் தளரும். முதல் நாள் இரவு சார்ஜரில் மாட்டியவர், சுவிட்சையும் போட்டிருக்க வேண்டும்.

பெருங்கூட்டம் மொத்தமாக வயல் நடுவில் இறங்கிவிட்டால் என்ன செய்வது? சுடாமல், சத்தமில்லாமல் நடந்து போய்க் கிளப்பிவிடுங்கள். வெடிச் சத்தத்தில் கலைந்த கூட்டம் அடுத்த ஊர் போகும். நடந்து கலைத்தது கால் மணி, அரை மணியில் இரண்டும் மூன்றுமாகத் திரும்பும். நமக்கு வேண்டியதும் அப்படித்தான். பக்கத்து வயல்களில் வேறு துப்பாக்கிகளோ பறவை விரட்ட வைக்கும் கேஸ் வெடிக்கருவியோ இருந்தால் இன்னும் நல்லது, உட்கார இடமில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

தோட்டா பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு போர் துப்பாக்கி, 28 முதல் 32 கிராம், ஆறாம் எண் ரவை. ஈயத்துக்குப் பதில் எஃகு ரவை என்றால் இரண்டு படி பெரிய ரவையாக, நாலாம் எண் (எண் குறையக் குறைய ரவை பெரிது). நாற்பது கஜத்துக்கு மேல் சுடாமல் இருக்கும் ஒழுக்கம்தான் கடையில் கிடைக்காத சரக்கு. புறாவின் இறகு லேசாக ஒட்டியிருப்பது. நாலு ரவை உரசினாலே தலையணை கிழிந்தாற்போல் பறக்கும். புறா போய்விடும், இறகு மட்டும் மெல்ல இறங்கும், சுட்டவர் “பட்டது, பட்டது” என்பார். இரண்டு தோட்டாவுக்கு ஒரு புறா என்றால் நல்ல கை. மூன்றுக்கு ஒன்று என்றால் நேர்மையான கை.

பொதுவிதி ஒன்றும் உண்டு. மூன்று மணி நேரம் வெறும் வானத்தைப் பார்த்தவர் பிளாஸ்க் மூடியைத் திருகிய கணத்தில் புறா வரும். புறா வராவிட்டால் தேநீர் ஊற்றிப் பார்ப்பது ஒரு முறையாகவே வளர்ந்துவிட்டது. துப்பாக்கியைத் திறந்து, தோட்டாவை எடுத்துவிட்டு ஊற்றுங்கள். பதறி எழும்போது முக்காலி சாய்வதும் அதே கணத்தில்தான்.

மூன்று மணிக்கு மேல் காட்டுப் படலம். இதற்கு மாதம் பிப்ரவரி. ஃபெசன்ட் என்ற வேட்டைப் பறவைக்கான பருவம் பிப்ரவரி 1-ல் முடியும்வரை, அதை வளர்த்துக் காக்கும் கேம்கீப்பர் தன் தோப்புக்குள் யாரையும் விடமாட்டார். மறுநாளே அவர் முகத்தில் சிரிப்பு வரும். பிப்ரவரிச் சனிக்கிழமைகளில் வட்டாரத்துத் தோப்புகளிலெல்லாம் ஒரே நேரத்தில் ஆள் நிறுத்துவது பழைய வழக்கம். ஒரே தோப்பில் மட்டும் ஆள் நின்றால் புறா பக்கத்துத் தோப்பில் போய் அடைந்துவிடும்.

எந்த மரத்தில் அடைகிறது என்பதைத் தரையே சொல்லும். முட்புதர் இலைமேலும் சருகுமேலும் வெள்ளையடித்தது போல் எச்சம் கிடக்கும். ஊசியிலை மரங்கள், ஐவிக் கொடி மூடிய மரங்கள், அதிலும் காற்று மறைவான பக்கம். பிப்ரவரி முதல் வாரத்தில் ஐந்து மணிக்குச் சற்று முன், மாத நடுவில் ஐந்தேகாலை ஒட்டிச் சூரியன் மறையும். அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இடம்பிடித்து நிற்க வேண்டும், முதல் வரவுகள் சீக்கிரமே வந்துவிடும். புறா எதிர்காற்றில்தான் இறங்கும். அதனால் காற்று உங்கள் முதுகில் படும்படி நின்றால் அது எதிரே முகம் காட்டி வரும். மரத்தோடு மரமாக ஒட்டி, வானம் தெரியும் இடைவெளியைப் பார்த்தபடி, முகத்தை மூடிக்கொண்டு. தலையை ஆந்தை மாதிரித் திருப்பினால் மேலிருந்து வெள்ளையாகத் தெரிவது உங்கள் முகம்தான்.

காற்றில்லாத தெளிந்த மாலை பார்க்க அழகு, சுடுவதற்கு வீண். உயரத்தில் வட்டமிட்டு, ஒரு வெடி கேட்டதும் கும்பலாக மாவட்டம் தாண்டும். பலத்த காற்று வீசும் மாலைதான் வேண்டும். வெடிச் சத்தம் அடங்கும், புறா மர உச்சியை உரசிக்கொண்டு தாழ வரும். மூடுபனி நாளில் வீட்டிலேயே இருக்கலாம், புறாவும் அப்படித்தான்.

எப்போது நிறுத்துவது என்பதை வெளிச்சம் முடிவு செய்யும். இறக்கையின் வெள்ளைப் பட்டை தெரியாத நேரத்தில் துப்பாக்கி உறைக்குள் போக வேண்டும். அதே காட்டில் அடையும் ஸ்டாக் டவ் என்ற சிறிய புறாவுக்கு அந்த வெள்ளை கிடையாது; அதைச் சுடுவது குற்றம். பந்தயப் புறாவுக்கு உரிமையாளர் இருப்பார், காட்டுப்புறாவுக்கு அனுமதி உண்டு. அதுவும் பொழுதுபோக்குக்காக அல்ல: பயிர்ச் சேதத்தைத் தடுக்க, விரட்டும் வழிகளையும் பயன்படுத்திய பிறகு, ஜிஎல்42 என்ற பொது உரிமத்தின் கீழ். 2019 ஏப்ரலில் பழைய உரிமங்கள் சட்டச் சிக்கலில் திடீரென ரத்தானபோது நாட்டிலேயே சந்தோஷமாக இருந்தது காட்டுப்புறாதான். இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டம் இருப்பதால் மேலே சொன்னதை வைத்து யாரும் மணிப்புறாவின் பக்கம் போகவேண்டாம், வனத்துறை எல்லா நேரமும் வரும்.

பறவை ஆய்வாளர் ஆர்.கே. மர்ட்டனும் உடன் ஆய்ந்தவர்களும் 1974-ல் வெளியிட்ட கட்டுரை வேட்டைக்காரர்களுக்கு அவ்வளவு பிடிக்காது. குளிர்காலத்தில் சுடுவதால் வசந்தத்தில் புறா குறைவதில்லை, எத்தனை மிஞ்சும் என்பதைத் தீனிதான் தீர்மானிக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். ஆக, வயலில் உட்கார்ந்திருப்பவர் தேநீர் குடிக்கும் சோளக்கொல்லைப் பொம்மை. விவசாயிக்கு அதுவே போதும். அவருக்கு வேண்டியது தன் வயலில் புறா இறங்காமல் இருப்பது.

கடைசி வேலை பொறுக்குவது. விழுந்த புறாவை உடனுக்குடன் நாயை விட்டு எடுப்பது நல்லது. இருட்டிய பிறகு ஐவிக்குள் கிடப்பதை டார்ச்சோடு தேடினால் கண்ணுக்கு அகப்படுவது காலித் தோட்டாக்கள்தான், அவற்றையும் பொறுக்குங்கள். வீட்டில் நெஞ்சுக் கறியை அறுத்தெடுத்து, சூடான சட்டியில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம். அதற்கு மேல் வைத்தால் செருப்புத் தோல். அறுக்கும்போது தீனிப்பையைக் கிழித்துப் பார்க்கத் தவறாதீர்கள். கடுகிலை அடைத்திருந்தால் நாளைக்கும் அதே வயல். ஐவிப் பழமாக இருந்தால் வயலை விட்டு உயிர்வேலிக்குப் போய்விட்டது என்று பொருள், பொம்மைகளை வயலுக்குச் சுமந்துகொண்டு போக வேண்டாம். கோதுமையாக இருந்தால், ஃபெசன்டுக்குக் கேம்கீப்பர் போட்ட தீனியை அது தின்றுகொண்டிருக்கிறது. இந்தச் செய்தியோடு அவரிடம் போனால் அடுத்த சனிக்கிழமைக்கு அனுமதி கேட்காமலே கிடைக்கும்.