மலைக்குள் இருக்கும் நரசிங்கப் பெருமாள்

பிரதோஷ வேளையில் நரசிங்கரைச் சேவிப்பது மதுரைக்காரர்கள் பலருக்கும் வழக்கம். நாங்களும் ஒத்தக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கி, யானைமலையைப் பார்த்துக்கொண்டே நரசிங்கம் ஊருக்கு நடந்தோம். மேலூர் ரோட்டிலிருந்து பார்த்தால் அச்சு அசல் படுத்திருக்கும் யானைதான்.

கருவறைக்கு மேல் விமானம் கிடையாது. துளசி விற்ற அம்மாவிடம் கேட்டேன். "அதான் மலையே மேல நிக்கிதே தம்பி, விமானம் வேற எதுக்கு?" என்றார்.

சரியான பதில். சோழநாட்டு வண்டல் மண்ணில் கல்லுக்கே அலைய வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வெளியூரிலிருந்துதான் கல் வந்தது. மதுரையிலோ வயலுக்கு நடுவே மொட்டைப் பாறைகள் எழுந்து நிற்கின்றன. பாண்டியர்கள் பாறையைக் குடைந்தே சாமியை அமர்த்திவிட்டார்கள், திருப்பரங்குன்றத்திலும் அப்படித்தான்.

அர்ச்சகர் தீபத்தை உயர்த்தியதும் அந்தப் பெரிய திருமுகம்தான் முதலில் தெரிந்தது. பிறகு யோகத்தில் மடித்த கால்கள். கர்நாடகத்துப் பேலூரில் மாவுக்கல்லில் இழைத்திருக்கிறார்களே, அந்த நகைநட்டு நுணுக்கம் இங்கே இல்லை. இந்தக் கருங்கல் அதற்கெல்லாம் லேசில் இடம் கொடுக்காது. எனக்கென்னவோ இந்தக் கனம்தான் நரசிங்கருக்குப் பொருத்தம்.

இந்தக் கோயிலைக் குடைவித்தவர் மாறன் காரி, பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர். கல்வெட்டின் காலம் கலியுகம் 3871, அதாவது கி.பி. 770. நீர் தெளிப்பதற்கு, அதாவது குடமுழுக்குச் செய்வதற்கு முன்பே அவர் இறந்துவிட, அதே பதவிக்கு வந்த தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டி நீர் தெளித்தார். சமஸ்கிருதத்தைக் கிரந்தத்திலும் தமிழை வட்டெழுத்திலும் பொறித்திருக்கிறார்கள். வேதம் படித்தவருக்கு ஒன்று, ஊராருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். அண்ணன் விட்டதைத் தம்பி முடித்த கதையை நினைத்தபடி அந்த மண்டபத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

இதே மலையில் படியேறிப் போனால் சமணர் குகைத்தளம். அங்கே தமிழ் பிராமி எழுத்தும் உண்டு, பாறையில் தீர்த்தங்கரர்களும் உண்டு. சுதை பூசி வண்ணம் தீட்டிய தடம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊருக்குப் பக்கம், ஆனால் ஊரை விட்டு விலகிய இடம். துறவிகளுக்கு வேறென்ன வேண்டும்?

2010 வாக்கில் இந்த மலையில் சிற்ப நகரம் அமைக்க ஒரு திட்டம் வந்தது. சுற்றுவட்டார மக்கள் எழுந்து நின்றார்கள். திட்டம் நின்றுபோனது.

மாசியில் திருமோகூர் காளமேகப் பெருமாள் இங்கே எழுந்தருள, கஜேந்திர மோட்சம் நடக்கும். யானைக்கு மோட்சம் கொடுக்க யானைமலையை விட்டால் வேறு இடமா?