தனுஷ்கோடி ஸ்டேஷன்: 87இல் ஒரு பங்கு

மூன்று வாரமாக மேசைமேல் தனுஷ்கோடி ரயில் நிலையம் எழும்பிக்கொண்டிருக்கிறது. எழும்புகிறது என்றா சொல்வது, இடிந்துகொண்டிருக்கிறது என்றா என்று தெரியவில்லை. நான் செய்வது இடிபாட்டின் மாதிரி.

முதலில் எண்ணியது வேறு. போட் மெயிலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்கள் இர்வின், கோஷன் போன்ற கப்பல்களில் தலைமன்னார் போய், அங்கிருந்து கொழும்புக்கு மறுபடி ரயில் பிடித்த காலத்தைச் செய்ய ஆசைப்பட்டேன். ஆனால் பிளாட்பாரத்தில் ஒரு வண்டியை நிறுத்தினால், பார்ப்பவர் நினைவு 653ஆம் எண் பாசஞ்சருக்குத்தான் போகும். 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து வந்து, நிலையத்தை எட்டுவதற்குள் புயல் அலையில் போன வண்டி அது. உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அதைப் பொம்மையாக்க மனம் வரவில்லை. சுவர்கள் போதும்.

அந்தச் சுவர்கள்தான் பாடாய்ப் படுத்தின. அங்கே இன்று நிற்பவை உப்புக்காற்று அரித்த, பொத்தல் பொத்தலான சுவர்கள். தெர்மாகோலில் ஊசியால் குத்திப் பார்த்தேன். அம்மை வடு போல இருந்தது. பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. வெறுத்துப்போய், அடிப்பூச்சாவது முடியட்டும் என்று ஸ்பிரே பெயின்ட் அடித்தேன். அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்னும் என்பது மறந்தே போயிற்று. சுவர் சுருங்கி, விளிம்புகள் உருகி, ஒழுங்கில்லாத குழிகள் விழுந்தன. தூக்கி எறியப் போனவன் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன்: கேட்டது இதுதான்! மீதிச் சுவர்களையும் வேண்டுமென்றே கெடுத்தேன். ஒன்று மட்டும் அளவுக்கு மீறி உருகிக் கூழானது.

தண்டவாளம் எளிது. மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 1,000 மில்லிமீட்டர்; அதை 87ஆல் வகுத்தால் 11.5 வரும். வாங்கக் கிடைப்பது 12. அரை மில்லிமீட்டருக்காக யார் சண்டைக்கு வரப்போகிறார்கள்? பாதி புதைந்த ஒரு துண்டு போதும்.

பின்பலகையில் தீட்டிய வரைபடத்தில்தான் அசடு வழிந்தேன். இன்றைய சாலை ராமேஸ்வரத்திலிருந்து போவதால், ரயிலும் அப்படித்தான் போயிருக்கும் என்று வரைந்துவிட்டேன். உண்மையில் 1914இல் திறந்த பாதை பாம்பனிலேயே இரண்டாகப் பிரிந்தது: ஒன்று சுமார் 10 கிலோமீட்டரில் ராமேஸ்வரம், மற்றொன்று 24 கிலோமீட்டர் ஓடி தனுஷ்கோடி. புயலுக்குப் பிறகு பாம்பன் பாலத்தைச் சீர்செய்தார்கள். தனுஷ்கோடிக் கிளையைத் திரும்பப் போடவில்லை. அழித்து மறுபடி வரைந்ததில் வங்கக் கடல் கொஞ்சம் கலங்கலாகிவிட்டது.

இப்போது சிக்கல் மணல். அசல் மணலைத் தூவினால், அரை மில்லிமீட்டர் துகள்கூட இந்த அளவில் நான்கு சென்டிமீட்டர் ஜல்லி. கல்மாவைத் துணியில் சலித்துப் பசைநீரில் குழைத்துப் பூசியிருக்கிறேன். பிளாட்பாரத்தின் ஓரமாக ஒரு விரிசல் விட்டிருக்கிறது. காய்ந்ததும் இன்னொரு பூச்சு.