லூசில் பால் எங்கே பிறந்தார்?

தொலைக்காட்சி நடிகை ஒருவரைப் பற்றி இணையத்தில் உள்ள வாழ்க்கைக் குறிப்பைச் சரிபார்க்கத் தொடங்குபவர்கள் முதலில் அவர் தந்த பேட்டிகளைத்தான் தேடுகிறார்கள். அவருடைய வாழ்க்கையை அவரைவிட அறிந்தவர் யார் என்ற எண்ணம் இயல்பானதே. அமெரிக்க நடிகை லூசில் பால் விஷயத்தில் அந்த எண்ணம் நம்மைத் தவறான ஊரில் கொண்டுபோய் நிறுத்திவிடும். மொன்டானா மாநிலத்தின் பியூட் நகரில் பிறந்ததாக அவரே சொல்லிவந்தார். பழைய விளம்பரக் குறிப்புகளும் அப்படியே எழுதின. உண்மையில் அவர் 1911 ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுனில் பிறந்தவர். தொலைபேசி நிறுவனத்தில் கம்பி இழுக்கும் வேலையிலிருந்த தந்தையோடு குடும்பம் சிறிது காலம் மொன்டானாவில் வாழ்ந்ததுண்டு. இப்படிக் கொஞ்சம் உண்மை கலந்த தவறுகளைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

பிறப்பைப் பொறுத்தவரை அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட பதிவேடும், உள்ளூர்ச் செய்தித்தாளும், மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாளுமே பேட்டியைவிட வலுவான சான்றுகள். அமெரிக்காவில் கணக்கெடுப்புத் தாள்கள் 72 ஆண்டுகளுக்குப் பின் பொதுமக்கள் பார்வைக்கு வருகின்றன. 1950ஆம் ஆண்டுத் தாள்கள் 2022இல் வெளியாயின. பல தளங்கள் ஒரே ஊரைச் சொல்கின்றன என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவை அனைத்தும் ஒரே விளம்பரக் குறிப்பைப் பார்த்து எழுதியிருந்தால், நம் கையில் இருப்பது ஒரே சாட்சிதான்.

‘முதன்முதலில்’ என்ற சொல் வரும் இடங்களில் இன்னும் கூடுதலான கவனம் தேவை. லூசில் பால் லூசி என்ற நாயகியாக நடித்த, 1951 அக்டோபரில் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’ தொடரில்தான் கர்ப்பிணிப் பெண் முதன்முதலாக அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றினார் என்று பல குறிப்புகள் சொல்கின்றன. ஆனால் 1947இல் தொடங்கிய ‘மேரி கே அண்ட் ஜானி’ தொடரில், நாயகியின் உண்மையான கர்ப்பம் அதற்கு முன்பே கதையில் சேர்க்கப்பட்டிருந்தது. அந்தத் தொடரின் பதிவுகள் பெரும்பாலும் அழிந்துவிட்டதால், எஞ்சி நின்ற தொடருக்கே பெருமை போய்ச் சேர்ந்தது. மேரி கே ஸ்டேர்ன்ஸ் என்ற நடிகைக்கு இது பெரிய அநீதி என்றே கருதுகிறேன்.

கட்டுக்கதை போல ஒலிப்பதெல்லாம் பொய்யும் அல்ல. கதையில் லூசிக்கு மகன் பிறக்கும் பகுதி ஒளிபரப்பான 1953 ஜனவரி 19 அன்றே லூசில் பாலுக்கும் மகன் பிறந்தான் என்ற தகவல் உண்மை. அந்தப் பகுதி சில வாரங்களுக்கு முன்பே படமாக்கப்பட்டிருந்தது. பிரசவமும் முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யப்பட்ட அறுவை சிகிச்சை. படப்பிடிப்புத் தேதியையும் ஒளிபரப்புத் தேதியையும் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடுகிறது.

மிகவும் கவனமாக எழுத வேண்டியது அரசியல் பற்றிய பத்தி. 1936இல் வாக்காளராகப் பதிந்தபோது அவர் கம்யூனிஸ்ட் கட்சியைத் தம் சார்பாகக் குறித்தார் என்பதற்கு ஆவணம் உண்டு. தாத்தா பிரெட் ஹன்ட்டின் மனம் மகிழவே அவ்வாறு செய்தேன் என்பது 1953இல், கம்யூனிஸ்ட் தொடர்புகளை ஆராய்ந்த அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் விசாரணையில் அவர் தந்த விளக்கம். ஆகவே முன்னதை நடந்த செய்தியாகவும், பின்னதை அவருடைய சாட்சியமாகவும் எழுதலாம். ‘கட்சி உறுப்பினராக இருந்தார்’ என்று எழுத அந்த வாக்காளர் பதிவு மட்டும் போதாது.