செகண்ட் லைஃபில் வாடகை நிலம் மூடப்படும்போது: பொருட்களை மீட்பது எப்படி

செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகில், ரீஜன் எனப்படும் பெரிய நிலப்பகுதிகளைப் பிரித்து வாடகைக்கு விடுவார்கள். "இந்த ரீஜன் மாதக் கடைசியில் மூடப்படுகிறது" என்று குழு அறிவிப்பு வந்ததும், வாடகைக்கு இருக்கும் எல்லோரும் முதலில் ஓடுவது அடுத்த இடம் தேடத்தான். அது தலைகீழான வரிசை. காலிப் பார்சல், அதாவது ரீஜனுக்குள் ஒரு நிலத்துண்டு, என்றைக்கும் கிடைக்கும். ரீஜன் ஆஃப்லைன் போய்விட்டால் உள்ளே இருக்கும் பொருளை எடுக்க யாரும் நுழைய முடியாது. அப்படி மூடப்பட்ட இடங்களில் குடியிருந்து வெளியேறியவர்கள் என்ற முறையில், எதை முதலில் செய்தால் இழப்பு குறைகிறது என்பதை எழுதுகிறோம்.

முதலில் நிலம் யாருடையது என்று பார்ப்போம். ஒரு முழு ரீஜன் 256க்கு 256 மீட்டர், அதாவது 65,536 சதுர மீட்டர். தனியார் எஸ்டேட்டில் (ஒருவர் நடத்தும் ரீஜன்களின் தொகுப்பு) அதன் லேண்ட் இம்பாக்ட் அளவு, அதாவது எவ்வளவு பொருள் வைக்கலாம் என்ற வரம்பு, வழக்கமாக 20,000. அதில் 4,096 சதுர மீட்டர் பார்சல் பதினாறில் ஒரு பங்கு. 1,250 லேண்ட் இம்பாக்ட் கிடைக்கும். அந்தப் பார்சலை நீங்கள் பெயருக்கு ஒரு தொகை கொடுத்து "வாங்கியிருப்பீர்கள்". அபௌட் லேண்ட் ஜன்னலில் உரிமையாளர் என்று உங்கள் பெயர்கூட இருக்கும். ஆனாலும் எஸ்டேட் உரிமையாளர் அதை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். செகண்ட் லைஃபை நடத்தும் நிறுவனமான லிண்டன் லேபுக்கு மாதாமாதம் டாலரில் கட்டுபவர் அவர்தான். நீங்கள் அவருக்கு வாராவாரம் அந்த உலகின் நாணயமான லிண்டன் டாலரில் கட்டுகிறீர்கள். பதினாறு பார்சலில் ஐந்தாறு காலியாகக் கிடந்தால் மீதியை அவர் கைக்காசிலிருந்து போட வேண்டும். 2018 ஜூலையில் முழு ரீஜனின் மாதக் கட்டணம் 295 டாலரிலிருந்து 249 டாலராகக் குறைந்தது பல எஸ்டேட்டுகளுக்கு மூச்சு விட இடம் கொடுத்தது. ஆனாலும் கணக்கு அதேதான். உங்களுக்கும் நில உரிமையாளருக்கும் இடையிலான தகராறில் லிண்டன் லேப் தலையிடாது. முன்பணத்தை வாங்கித் தரவும் செய்யாது.

அறிவிப்பு வராமலே மூடுபவர்களும் உண்டு. அறிகுறிகள் முன்பே தெரியும்: எஸ்டேட்டின் மற்ற ரீஜன்கள் ஒவ்வொன்றாக வரைபடத்திலிருந்து மறையும், மேலாளர்கள் குழுவைவிட்டுப் போவார்கள், மெசேஜுக்குப் பதில் வராது, திடீரென்று "மூன்று மாதம் முன்பணம் கட்டினால் பாதி விலை" என்று சலுகை வரும். அந்தச் சலுகையைக் கண்டால் ஒரு வாரத்துக்கு மேல் கட்டாதீர்கள். பக்கத்தில் ஹோம்ஸ்டெட் ரீஜனில் (லேண்ட் இம்பாக்ட் குறைந்த, மலிவான ரீஜன் வகை) இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஹோம்ஸ்டெட் வைத்திருக்கப் பொதுவாக முழு ரீஜன் ஒன்றும் வேண்டும் என்பதால், முழு ரீஜன் போனால் அதுவும் ஆபத்தில்தான்.

மூடும் தேதியை நம்பி கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். அந்த ரீஜனின் பில் தேதி எது என்று நேரடியாகக் கேளுங்கள். பெரும்பாலும் அதற்கு முந்தைய நாளோடு கதை முடிந்துவிடும்.

இனி பொருட்கள். காப்பி அனுமதி இல்லாதவற்றை முதலில் கையில் எடுங்கள்: காசு கொடுத்து வாங்கிய அறைகலன், 2021 வரை நடந்த கச்சா எனப்படும் அதிர்ஷ்டக் குலுக்கலில் கிடைத்தவை, வளர்ப்பு விலங்குகள். உங்களிடம் அவற்றின் ஒரே பிரதி நிலத்தில்தான் நிற்கிறது. ஒவ்வொன்றையும் தனியாக டேக் (Take) செய்து, அதாவது நிலத்திலிருந்து எடுத்து உங்கள் பொருள் கிடங்கான இன்வென்டரிக்குக் கொண்டுவந்து, பெயரிட்ட ஃபோல்டரில் போடுங்கள். காப்பி உள்ளவை இன்வென்டரியில் ஏற்கெனவே இருக்கும். ஆனால் நீங்கள் நிறம் மாற்றி, அளவு மாற்றி அமைத்த வடிவம் அங்கே இருக்காது. அதனால் வீட்டையும் காப்பி உள்ள சாமான்களையும் எடிட் நிலையில் ஷிஃப்ட் அழுத்தி ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, டேக் காப்பி கொடுத்தால் ஒரே பொட்டலமாக வந்துவிடும். ஒன்றுக்கொன்று இருந்த இடைவெளியும் அப்படியே இருக்கும். தேர்வில் காப்பி இல்லாத ஒரு நாற்காலி சேர்ந்துவிட்டாலும் அந்தப் பொட்டலம் முழுவதற்கும் காப்பி போய்விடும். இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

நீங்கள் எடுக்காமல் விட்டதை உரிமையாளர் ரிட்டர்ன் செய்தால் அது லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் ஃபோல்டருக்கு வரும். பல பொருட்கள் ஒரே உருப்படியாக ஒட்டிக்கொண்டு, அவற்றில் ஏதோ ஒன்றின் பெயரைத் தாங்கி நிற்கும். அடுக்கிய பெட்டிகள் போன்ற ஐகானைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். "பூந்தொட்டி" என்ற பெயரில் உங்கள் வீடே இருக்கக்கூடும். ஃபோல்டரைச் சுத்தம் செய்கிறேன் என்று அதை அழித்துவிடாதீர்கள். அதைப் பிரிக்கச் சிறிய பார்சல் போதாது. உள்ளே இருக்கும் எல்லாவற்றின் லேண்ட் இம்பாக்ட்டும் சேர்ந்து இடம் வேண்டும். இல்லாவிட்டால் ரெஸ் ஆகாது, அதாவது நிலத்தில் விரியாது. இடம் இருந்தாலும் பார்சல் எல்லை தாண்டி விழுந்தவை பக்கத்து வீட்டு ஆட்டோ ரிட்டர்னில் (பிறர் பொருளைத் தானாகத் திருப்பி அனுப்பும் அமைப்பு) திரும்பிவிடும். யாரும் பொருள் வைத்துப் பார்க்கக்கூடிய பெரிய சாண்ட்பாக்ஸ் ஒன்றின் நடுவில் ரெஸ் செய்து, அதன் ஆட்டோ ரிட்டர்ன் நேரத்துக்குள் ஒவ்வொன்றாக எடுத்து முடிப்பதே பாதுகாப்பான வழி.

குழுவுக்கு டீட் செய்த (உரிமையை மாற்றிக் கொடுத்த) டிவி, ரேடியோ போன்றவை தனி வகை. அவற்றின் உரிமையாளர் இப்போது குழுதான். டிரான்ஸ்பர் அனுமதி (பிறருக்குக் கைமாற்றும் அனுமதி) இல்லாதவை ரிட்டர்ன் ஆகும்போது உங்களிடம் வராமல் அழிந்துபோகலாம். குழுவில் உங்கள் பொறுப்பு இருக்கும்போதே அவற்றைக் கவனியுங்கள்.

எல்லாம் எடுத்தாயிற்று என்று நினைத்தபின் அபௌட் லேண்டில் ஆப்ஜெக்ட்ஸ் பகுதிக்குப் போய் எண்ணிக்கையைப் பாருங்கள். உங்கள் பெயரில் இன்னும் ஏதாவது இருந்தால் பெரும்பாலும் அது மேலே 2,000 மீட்டரில் மறந்துபோன ஸ்கைபாக்ஸ் (வானத்தில் மிதக்கும் வீடு), அல்லது தரைக்குள் புதைந்த ஒரு சிறு பிரிம் (கட்டுமானத் துண்டு). செகண்ட் லைஃபுக்குள் நுழைய உதவும் மென்பொருளான ஃபயர்ஸ்டார்ம் வியூவரின் ஏரியா சர்ச் இதற்கு மிக உதவும். ஆனால் உங்கள் வியூவருக்கு வந்து சேர்ந்த பொருளை மட்டுமே அது காட்டும். டிரா டிஸ்டன்ஸை (எவ்வளவு தூரம்வரை தெரியும் என்ற அளவை) கூட்டி, அந்த உயரத்துக்கே பறந்துபோய்த் தேடுங்கள்.

கடை வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் அதிகம். விற்ற பொருளை அனுப்பிவைக்கும் வெண்டர் சர்வர் அல்லது டிராப்பாக்ஸ் அந்த நிலத்தில் நின்றால், ரீஜன் போன நொடியிலிருந்து மற்ற இடங்களில் விற்பதற்கும் டெலிவரி நிற்கும். முதலில் சர்வரை வேறு நிலத்தில் நிறுத்தி, ஒரு பொருளை வாங்கிப் பார்த்துச் சோதித்தபின் பழையதை எடுங்கள். பொருளை மறுபடி ரெஸ் செய்தால் அதன் யூயூஐடி (தனி அடையாள எண்) மாறிவிடும். யூயூஐடி வைத்து இணைந்த டெலிபோர்ட்டர்களும் பாதுகாப்புக் கருவிகளும் வேலை செய்யாது, புதிதாக இணைக்க வேண்டும். ப்ரொஃபைல் பிக்ஸ் (உங்கள் ப்ரொஃபைலில் காட்டும் இடங்கள்), மார்க்கெட்பிளேஸில் இந்தக் கடைக்குக் கொடுத்த இணைப்பு, வாடிக்கையாளரிடம் கொடுத்த லேண்ட்மார்க் (இட முகவரி) எல்லாம் செல்லாமல் போகும். மூடும் முன்பே புதிய லேண்ட்மார்க்கைக் குழு அறிவிப்பில் இணைத்து அனுப்புங்கள். பார்சலின் மியூசிக் முகவரியையும் தடைப் பட்டியலையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவை உங்களுடன் வராது.

சில நேரம் ரீஜன் மூடாமல் வேறொருவர் கைக்கு மாறும். ரீஜன் டீட்டெயில்ஸில் எஸ்டேட் உரிமையாளர் பெயர் மாறியிருந்தால், கவனன்ட்டும் (எஸ்டேட்டின் விதிமுறைகள்) புதியவருடையதுதான். முன்பணத்தை அவர் ஏற்பாரா என்று எழுத்தில் கேளுங்கள். அதுவரை வாடகைப் பெட்டியில் காசு போடாதீர்கள். பெட்டி ஒரு பொருள். போடும் காசு அந்தப் பொருளின் உரிமையாளருக்குப் போகும். வலது கிளிக் செய்து எடிட்டில் ஜெனரல் பகுதியைப் பார்த்தால் அது இன்னும் பழையவர் பெயரில் நிற்பது தெரியும். இதைப் பார்க்காமல் கட்டிய வாடகை திரும்பியதில்லை.

அடுத்த இடத்துக்கு, கட்டணம் கட்டும் பிரீமியம் உறுப்பினராக இருந்தால் கூடுதல் டியர் (மாத நிலக் கட்டணம்) இல்லாமல், லிண்டன் லேப் நேரடியாக நடத்தும் மெயின்லேண்டில் 1,024 சதுர மீட்டர் வைத்துக்கொள்ளலாம், அல்லது அதே அளவு லிண்டன் ஹோம் (லிண்டன் லேப் தரும் வீடு) எடுக்கலாம்; இரண்டிலும் 351 லேண்ட் இம்பாக்ட். இடையில் நில உரிமையாளர் என்று யாரும் இல்லை. அதற்கு மேல் இடம் வேண்டுமென்றால் கூடுதல் டியர் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வாடகைதான். வாடகைக்குப் போனால் கவனன்ட்டில் மூடும் முன்னறிவிப்பு எத்தனை நாள், முன்பணம் திரும்புமா என்ற இரண்டு வரிகளைத் தேடுங்கள். அவை இல்லாத இடத்தில் வாராவாரம் மட்டும் கட்டுங்கள்.