ஜூன் நாட்குறிப்பு: பேனா, மொனிட்டர், பற்றரி

ஜூன் 2, திங்கள்

அப்பாவை வைத்திருக்கிற இந்த ஆஸ்பத்திரி அறையில் மூன்று கட்டிலுக்கும் சேர்த்து ஒரே ஒரு சொக்கெட்தான் சும்மா இருக்கிறது, மற்றதெல்லாம் மெஷின்களுக்கு. காலையிலிருந்து அதற்குத்தான் போட்டி. நடுக்கட்டில் பெரியவரின் மகன் கொண்டுவந்த சார்ஜர் உருண்டைக் கால் இரண்டு, சொக்கெட் சதுரக் கால் மூன்று. மனிதர் யோசிக்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மேல் துளையில் குத்திப் பிளக்கை உள்ளே தள்ளிவிட்டார்.

அந்த மேல் துளையைப் பற்றி யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 1947இல் பிரிட்டனில் தரப்படுத்திய பிளக் இது. மேல் கால் மற்ற இரண்டையும் விட நீளம், ஏனென்றால் அது எர்த், கசிகிற கரண்டை நிலத்துக்குக் கொண்டுபோவது, முதலில் உள்ளே போக வேண்டியது அதுதான். போகிற போக்கில் ஒரு மூடியைத் தள்ளும், அதற்குப் பிறகுதான் கரண்ட் இருக்கிற துளை இரண்டும் திறக்கும். சின்னப் பிள்ளை கீழ்த் துளையில் ஆணியை விட்டால் மூடியில்தான் முட்டும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், எர்த் வயரை வேண்டுமென்றே கொஞ்சம் நீளமாக விட்டிருப்பார்கள். யாராவது வயரைப் பிடித்து இழுத்துப் பிய்த்தால் கரண்ட் வருகிற லைவ்தான் முதலில் கழன்று வரும், எர்த் கடைசியில். உள்ளேயே ஒரு பியூஸ் வேறு. அந்தக் காலத்தில் செம்பு தட்டுப்பாடு, அதனால் வீட்டைச் சுற்றி ஒரே வயரை வளையமாக ஓடவிட்டார்கள், ஆகவே ஒவ்வொரு சாமானுக்கும் தன் பியூஸைத் தானே சுமக்க வேண்டியதாயிற்று. இத்தனை மூளையையும் கொழும்பில் நாங்கள் ஒரு பேனாவால் தோற்கடித்து வைத்திருக்கிறோம். எனக்கு இரண்டு கட்சி மேலும் மரியாதைதான்.

டொக்டர் பின்னேரம் வருவார் என்றார்கள். வரவில்லை.

ஜூன் 3

ரிப்போர்ட் இல்லை. கன்டீன் பிளேன்டீயில் சீனியைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஜூன் 4, இரவு

மொனிட்டரைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன், பார்த்தால் கண் அதிலேயே ஒட்டிக்கொள்கிறது. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். அப்போதுதான் கவனித்தேன், பீப் சத்தம் எப்போதும் ஒரே சுருதியில் இல்லை. 97இல் ஒரு சுருதி. அப்பா புரண்டு படுத்ததும் கொஞ்சம் இறங்கியது. திரும்பிப் பார்த்தால் 93. நேர்ஸ் மிஸ்ஸிடம் கேட்டேன், அது அப்படித்தான் மல்லி, ஒக்சிஜன் குறையக் குறைய சத்தமும் இறங்கும், ஒப்பரேஷன் செய்கிறவர் தலையை நிமிர்த்தாமலே தெரிந்துகொள்ளலாம் என்றார். வேலையில் இருக்கிறவனின் கண்ணைத் தொந்தரவு செய்யாமல் காது வழியாகச் செய்தி சொல்லலாம் என்று நினைத்தவர் யாரோ, அவர் காலில் விழலாம் போலிருந்தது.

விரலில் மாட்டியிருக்கிற கிளிப்பின் கதை இன்னும் நல்ல கதை. ஜப்பானில் நிஹோன் கோடென் கம்பெனியில் தகுவோ அயோயாகி என்ற எஞ்சினியர், 1974. அவர் தேடியது இதை அல்ல. இரத்தத்தில் சாயத்தைச் செலுத்தி, இதயம் எவ்வளவு இரத்தம் தள்ளுகிறது என்று காதில் ஒளி பாய்ச்சி அளந்துகொண்டிருந்தார். நாடித் துடிப்பு குறுக்கே வந்து கணக்கைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. அந்தத் துடிப்பை ஒழிக்கப் போனவருக்கு, ஒழிக்க நினைத்ததற்குள்ளேயே ஒக்சிஜன் கணக்கு இருப்பது தெரிந்துவிட்டது. இரண்டு ஒளி போகிறது, ஒன்று சிவப்பு, ஒன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. ஒக்சிஜன் உள்ள இரத்தம் சிவப்பை அதிகம் விட்டுவிடும், அகச்சிவப்பை அதிகம் விழுங்கும். துடிக்கிற பங்கை மட்டும் எடுத்துக்கொண்டால் தோல், நகம், எலும்பு எல்லாம் கணக்கிலிருந்து தானாகக் கழன்றுவிடும். ஊசி இல்லை, இரத்தம் எடுக்க வேண்டியதில்லை. மனிதர் 2020 ஏப்ரலில் காலமானார், உலகம் முழுக்க இந்தக் கிளிப்பைத் தேடி பார்மசிகளில் அலையத் தொடங்கிய நேரத்தில்.

இரவு விளக்கை அணைத்த பிறகு அப்பாவின் விரல் நுனி சிவப்பாகத் தெரிகிறது. நகத்தைச் சுற்றிக் கொஞ்சம் மஞ்சள் ஒட்டியிருக்கிறது, வீட்டில் கடைசியாகச் சாப்பிட்ட கறியோ என்னவோ, கழுவக் கழுவப் போகவில்லை.

ஜூன் 5

95, 96, 95. அக்காவுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. போனில் அழுதாள், பிறகு என்னைத் திட்டினாள்.

ஜூன் 6, வெள்ளி

பார்மசியில் காசு கட்ட ஒட்டி வைத்திருந்த கியூஆர் கோட்டின் ஒரு மூலை கிழிந்து, மேலே தேத்தண்ணிக் கறை. போனைக் காட்டினேன், கணத்தில் பிடித்தது. அத்தானிடம் காட்டி விளக்கத் தொடங்கினேன், "உனக்கென்ன விசரா, மருந்தை எடு" என்றார்.

சரி, இங்கே எழுதுகிறேன். 1994, ஜப்பானில் டென்சோ கம்பெனி, மசாஹிரோ ஹாரா. வாகன உதிரிப்பாகப் பெட்டிகளில் ஒன்றுக்குப் பல பார்கோட்களை ஸ்கான் பண்ணி வேலையாட்கள் களைத்துப்போனதில் தொடங்கியது. மூலையில் இருக்கிற மூன்று சதுரங்கள்தான் வித்தை. எந்தப் பக்கமிருந்து கோடு போட்டு வெட்டினாலும் கறுப்பு வெள்ளை அளவு 1:1:3:1:1 என்று வரும். ஏன் அந்த விகிதம்? சஞ்சிகை, துண்டுப்பிரசுரம், அட்டைப்பெட்டி என்று அச்சடித்ததையெல்லாம் அலசி, எதிலும் ஆகக் குறைவாக வருகிற விகிதம் எது என்று தேடி எடுத்தார்கள். அதனால்தான் கமரா மற்ற எழுத்துக்களோடு குழம்பாமல் உடனே கண்டுபிடிக்கிறது. கிழிந்ததற்கும் மருந்து உள்ளேயே இருக்கிறது, உச்ச அளவில் வைத்தால் ஏறக்குறைய 30 வீதம் பழுதானாலும் மீட்டுக்கொள்ளும். பேடண்ட் கையில் இருந்தும் யாரிடமும் காசு கேட்காமல் விட்டார்கள்.

கியூஆர் காட்டினால்தான் பெற்றோல் என்றிருந்த 2022இல் பெற்றோல் செட்டில் நின்ற எல்லாரும் இதை அறியாமலே சோதித்துப் பார்த்தவர்கள்தான். மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். கடதாசியில் பிரின்ட் எடுத்து, நாலாக மடித்து, பர்ஸுக்குள் வியர்வையில் ஊறி, மடிப்பில் வெள்ளை விழுந்து, அதுவும் ஸ்கான் ஆகியது. அந்த வரிசைகளை நினைத்தால் வயிறு எரிகிறது, ஆனால் அந்தச் சதுரத்தில் எனக்குக் கோபம் இல்லை.

இரவு 94. டொக்டர் ஏதோ மருந்தை மாற்றியிருக்கிறார். பெயரை எழுதிக்கொண்டேன், கூகிளில் பார்க்க மாட்டேன்.

ஜூன் 7

ஹஜ்ஜுப் பெருநாள். ஜன்னல் பக்கத்துக் கட்டில் ஆட்கள் எல்லாருக்கும் வட்டிலப்பம் கொண்டுவந்தார்கள். அப்பாவின் பங்கையும் நானே சாப்பிட்டேன், கூகிளிலும் பார்த்துவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

நடுக்கட்டில் பெரியவரும் அப்பாவைப் போலப் பழைய நொக்கியா போன்தான் வைத்திருக்கிறார். அதற்கு மெசேஜ் வந்தது: குட்டையாக மூன்று, நெட்டையாக இரண்டு, குட்டையாக மூன்று. "பாருங்கோ, எஸ்ஓஎஸ் அடிக்குது" என்று மகன் சிரித்தார். அப்பா மாஸ்க்கோடு கிடந்தவர், கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினார்.

மகனுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. எஸ்ஓஎஸ் என்றால் நடுவில் நெட்டை மூன்று வர வேண்டும். இரண்டு வந்தால் எம். அந்தப் போன் மோர்ஸில், அதாவது தந்திக் குறியில், எஸ்எம்எஸ் என்று அடிக்கிறது, அவ்வளவுதான், ஒளிவுமறைவே இல்லாமல் கோடிக்கணக்கான பேரின் காதில் அடித்திருக்கிறது. அப்பா தபால் கந்தோரில் தந்தி அடித்தவர். கந்தோரில் தந்திச் சாவி போய் எவ்வளவோ காலமாகியும், காது மட்டும் இன்னும் டியூட்டியில் இருக்கிறது.

அந்த இரண்டு விரலை நினைத்து நினைத்து இன்று முழுக்கச் சிரித்தேன். 97.

ஜூன் 9, திங்கள்

அப்பாவின் போன் செத்துவிட்டது. நொக்கியா 1100, 2003இல் வந்த மொடல், உலகத்தில் 25 கோடிக்கு மேல் விற்றது. தலையில் டோர்ச், தூசி போகாத ஒரே துண்டு கீபேட், வியர்த்த கையில் வழுக்காத ஓரம். இருட்டும் புழுதியும் வெக்கையும் உள்ள ஊரில் இருக்கிறவன் கையை நினைத்துச் செய்த போன். ஸ்மார்ட் போன் வாங்கிக் கொடுத்தால் அப்பா அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவார்.

பற்றரி தேடிப் புறக்கோட்டைக்குப் போனேன். முதலாம் குறுக்குத் தெருவில் மனிதர்களுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவில் நுழைந்து, முதல் கடையில் தயங்கித் தயங்கி, இருபது வருஷப் பழைய போனுக்கு பற்றரி இருக்குமா என்றேன். பெடியன் போனை வாங்கிப் பார்க்கவே இல்லை. "பிஎல் ஃபைவ் சி தானே அண்ணே, ரேடியோவுக்கா ஸ்பீக்கருக்கா?" என்றான். மேசையில் குவியலாகக் கிடந்தது! பார்த்தால் கடையில் தொங்குகிற மலிவு எஃப்எம் ரேடியோ, குட்டி ஸ்பீக்கர் பாதிக்கு மேல் அதே நொக்கியா பற்றரியில்தான் ஓடுகிறது. போன்கள் போய்விட்டன, பற்றரி மட்டும் பொதுச் சொத்தாகி நிற்கிறது. எவனும் மாநாடு கூட்டித் தீர்மானிக்கவில்லை. கழற்றக் கூடியது, எங்கேயும் கிடைக்கிறது, மலிவு, அது போதுமாக இருந்திருக்கிறது. பற்றரியைக் கழற்ற முடியாத போனை ஆயிரம் டொலருக்கு விற்கிறவர்கள் இந்த மேசைக்கு முன்னால் ஒரு நாள் வந்து நிற்க வேண்டும்.

இரண்டு வாங்கினேன்.

திரும்பி வரும்போது 92. நான் இல்லாத நேரத்தில் 88 வரை இறங்கியதாம். அம்மா சொல்லவில்லை, மிஸ் சொன்னார்.

ஜூன் 10, செவ்வாய், பொசன் போயா

தெரு முழுக்க இலவசச் சாப்பாடு கொடுக்கிற தன்சல் வரிசை. எனக்கு எதிலும் மனம் இல்லை. நேற்று எழுதியதை வாசித்தால் எரிச்சலாக இருக்கிறது, பற்றரியாம்.

படிக்கட்டில் ஒரு பெட்டையும் பெடியனும் ஆளுக்கொரு காதில் ஒரே இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 1979 ஜூலை 1ஆம் திகதி வந்த முதல் சோனி வாக்மனில் இரண்டு பேருக்கு இரண்டு துளை இருந்தது, செம்மஞ்சள் பட்டன் ஒன்றும். அதை அழுத்தினால் பாட்டு தணியும், உள்ளே இருக்கிற மைக் வழியாகப் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கும். ஒருவர் தனியாகக் கேட்பது மரியாதையில்லை என்று பயந்து வைத்தார்கள். பிறகு வந்த மொடல்களில் அந்தப் பட்டனை எடுத்துவிட்டார்கள். 2014 மார்வெல் படத்தில் கதாநாயகன் இடுப்பில் தொங்குவதும் அந்த முதல் மொடல்தான்.

அப்பாவின் மாஸ்க்கை மாற்றி இன்னும் பெரிதாக ஒன்று போட்டிருக்கிறார்கள். அதன் சத்தத்தில் பீப்பின் சுருதி சரியாகக் கேட்கவில்லை. திரும்பவும் மொனிட்டர் பக்கம் பார்த்தபடி உட்கார வேண்டியிருக்கிறது.

ஜூன் 11

90. 91. 90.

ஜூன் 12, வியாழன்

அக்கா விடியவே வந்துவிட்டாள். விமான நிலையத்திலிருந்து நேரே, பெட்டியோடு. வந்த கையோடு என்னை வீட்டுக்குப் போய்க் குளிக்கச் சொல்லிச் சண்டை. அப்பா அவளைப் பார்த்து, தலையணைக்குக் கீழே இருந்த போனை எடுத்து டோர்ச்சை அடித்துக் காட்டினார், புதுப் பற்றரி என்று சொல்லத்தான். 93. டொக்டர் பத்து மணிக்கு எல்லாரையும் வரச் சொல்லியிருக்கிறார்.