சிவப்புப் பொட்டு வைத்த இடங்கள்

ஐந்து வருடம் வார்டு உறுப்பினராக இருந்தேன். அதில் உருப்படியாகச் செய்தது ஒரு கிணற்றுக்குச் சுவர் எழுப்பியதுதான் என்றால் சிரிப்பீர்கள். அந்தச் சுவருக்கே எட்டு மாதம் ஆனது.

எங்கள் ஊர் தருமபுரிப் பக்கம். 2023-இல் எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கு ஒன்பது தலைப்புகள் உண்டு, அதில் ஒன்று 'குழந்தை நேயக் கிராமம்' என்றார்கள். ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992-இல் சேர்ந்ததையும், பிள்ளைகளைப் பாதிக்கும் விஷயத்தில் அவர்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்று அதன் 12-ஆவது பிரிவு சொல்வதையும் விளக்கிவிட்டு, எலுமிச்சை சாதம் கொடுத்து அனுப்பினார்கள். எங்கள் ஊராட்சி அந்தத் தலைப்பைத்தான் எடுத்திருக்கிறது என்பதே எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. அங்கன்வாடிச் சுவரில் யானை, முயல் வரைந்து போட்டோவும் அனுப்பியாகிவிட்டதாம்.

திரும்பி வந்து குழந்தைகள் பாதுகாப்புக் குழுவின் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். விதிப்படி அந்தக் குழுவில் இரண்டு பேர் குழந்தைகளாக இருக்க வேண்டும். எழுதியிருந்த இரண்டு பேரில் ஒருவன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. இன்னொரு பெண்ணுக்குத் தன் பெயர் அதில் இருப்பதே தெரியாது.

சரி, பிள்ளைகளையே கேட்போம் என்று ஒரு சனிக்கிழமை பள்ளி வராண்டாவில் உட்கார வைத்தோம். சார்ட் பேப்பரில் ஊரை வரைந்தார்கள். பயமான இடத்துக்குச் சிவப்பு, பிடித்த இடத்துக்குப் பச்சை என்றேன். ஸ்கெட்ச் பேனா எல்லாம் காய்ந்து கிடந்தது. ஒரு பெண் வீட்டுக்கு ஓடி, அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு அட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்புறம் பேப்பர் முழுக்கப் பொட்டுதான்.

புளியமரத்தடியில் பச்சை. காலனிக்குத் திரும்பும் இருட்டு முக்கில் சிவப்பு. பஸ் பாஸ் பிள்ளைகளைக் கண்டால் வண்டி நிற்காமல் போகும் நிறுத்தத்தில் சிவப்பு. பள்ளிக்குப் போகும் வழியில் இருக்கும் பழைய ஊர்க் கிணற்றின் மேல் மட்டும் பதினொரு பொட்டு. ஒன்று எங்கள் வீட்டின் மேல். ஏன் என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு பையன், "பந்து விழுந்தா நீங்க தர மாட்டீங்க, அத்தை" என்றான். வீட்டு மாடியில் ஏழு பந்து இருந்தது. அன்று சாயங்காலமே கொடுத்துவிட்டேன். அதில் ஒன்று காற்றுப் போய்ச் சப்பையாகிவிட்டிருந்தது.

2019-இல் மணப்பாறைப் பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தபோது, எங்கள் ஊரிலும் ஆழ்துளைக் குழிகளைத் தேடித் தேடி மூடினார்கள். வாயைப் பிளந்துகொண்டிருக்கும் திறந்த கிணறு யார் கண்ணிலும் படவில்லை. பார்த்துப் பழகிவிட்டது.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் ஏழாம் வகுப்புப் பிள்ளை எழுந்து பேசினாள். "சுவர் என் முட்டிக்குத்தான் வருது" என்று முட்டியைத் தொட்டுக் காட்டினாள். பின்னாலிருந்து ஒரு பெரியவர், "ஓட்டு இல்லாத பிள்ளைங்களுக்கு இங்க என்ன பேச்சு, உக்காரு பாப்பா" என்றார். வாக்காளர் பட்டியலில் உள்ளவர்கள்தான் கிராம சபை உறுப்பினர்கள் என்பது சட்டப்படி சரிதான். பிள்ளைகள் பேசக் கூடாது என்று மட்டும் அதில் இல்லை. கைதட்டினார்கள், கலைந்தோம். ஒரு மாதம் எதுவும் நகரவில்லை.

தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. "குழந்தைகள் நலன் குறித்து விவாதிக்கப்பட்டது" என்று ஒரே வரி. விவாதிக்கப்பட்டது என்று எழுதிய காகிதத்துக்கு எந்த அலுவலகத்திலும் பணம் பிறக்காது. இந்த வழியில் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வாசகத்தை நீங்களே வீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். எந்தப் புல எண் (சர்வே நம்பர்), எவ்வளவு நீளம், எந்த நிதி, எந்தத் தேதிக்குள், எல்லாம் அதில் இருக்கட்டும். கடைசிச் சொல் "தீர்மானிக்கப்பட்டது" என்று முடியட்டும்.

புல எண்ணை கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வாங்கினேன். கிணறு புறம்போக்கில்தான் இருந்தது, பிழைத்தோம். பட்டா நிலமாக இருந்திருந்தால் வேறு கதை. சுற்றளவைப் பிள்ளைகளே கயிறு பிடித்து அளந்தார்கள். அக்டோபர் 2 கூட்டத்துக்கு எங்கள் மக்கள்தொகைக்கு 100 பேராவது வர வேண்டும். பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ப் பாட்டிகளை இழுத்து வந்தார்கள். வாசித்தேன், கை தூக்கினார்கள், எழுத எழுதப் பக்கத்திலேயே நின்றேன். கையோடு நகலும் வாங்கிக்கொண்டேன்.

அதற்கப்புறமும் ஓவர்சியர் அளக்க வருவதற்குள் பொங்கல் முடிந்துவிட்டது. இரண்டு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போய் மனுக் கொடுத்து ரசீது வாங்கினேன். ரசீதைக் காட்டிய வாரமே ஓவர்சியர் டேப்போடு வந்தார். ஏப்ரலில் சுவரும், மேலே கம்பி வலையும் வந்தன. முக்கு விளக்குக்குத் தீர்மானம் எதுவும் தேவைப்படவில்லை. ஊராட்சிச் செயலரிடம் பொட்டு வைத்த படத்தைக் காட்டினேன், நாலே நாளில் பல்பு மாட்டிவிட்டார். பஸ் இன்னும் நிற்பதில்லை.

அந்த வருடம் ஆகஸ்டில் மறுபடி படம் வரையச் சொன்னோம். கிணற்றின் மேல் சிவப்பு இல்லை. புதிதாகச் சாராய பாட்டில் உடைந்து கிடக்கும் ஏரிக்கரையில் ஒன்பது பொட்டு. எங்கள் வீட்டைத் தேடினேன். சிவப்பு இல்லை, பச்சையும் வைக்கவில்லை.